தற்கால அரசு உருவாகுமாறு: சப்பிரகமுவத் தோட்டங்கள் காட்டும் பாடம்

ஒரு கல்லூரியின் விழா மலரிலே அரசியலைப் பற்றி எழுதப் புகுதல் பொருந்துமோ என அன்பர் சிலர் வினவக்கூடும். அரசு என்பது கொழும்பிலே மன்றங்கூடிப் பேசுவோர்க்கு மட்டும் உரிய பொருளன்று. பிறப்பையும் இறப்பையும் பதிகின்ற பதிவாளர், வரவு இடாப்பிலே பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுகின்ற ஆசிரியர், கடிதத்தை உரியவர் கையிற் சேர்க்கின்ற தபாற்காரர், வழக்கேட்டை எழுதுகின்ற நீதிமன்ற எழுதுவினைஞர் ஆகிய இவரெல்லாரும் அரசின் உறுப்புகளேயாவர். எமது கல்லூரியிற் கற்று வெளியேறியோருட் பலர் இத்தகைய உத்தியோகங்களையே மேற்கொண்டனர். சிலர் சப்பிரகமுவ மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் கிளாக்கர்மாராகவும் ஆசிரியராகவும் மருந்தகத்து உத்தியோகத்தராகவும் பணி புரிந்தனர். ஆதலின், தற்கால அரசு எவ்வாறு உருவாகின்றது, அதற்கு வேண்டிய நிறுவனங்கள் எவை என்னும் வினாக்களை அம்மாகாணத்துத் தோட்டங்களைக் கொண்டு ஆராய்தல் எம் வாசகர்க்குப் பயன்தரும் என நம்புகின்றோம்.

அரசின் இலக்கணம்

திருவள்ளுவர் இறைமாட்சி என்னும் அதிகாரத்திலே, மக்கள், சேனை, பொருள், அமைச்சர், நட்பு, அரண் என்னும் ஆறினையும் உடையவனே அரசருட் சிறந்தவன் என்று கொண்டார். அங்கே மக்கள் மன்னனது உடைமைகளுள் ஒன்றாக எண்ணப்படுகின்றனர். தற்காலத்தார் கூறும் இலக்கணம் வேறு. 1933 ஆம் ஆண்டிலே உருகுவே நாட்டு மொண்டிவிடியோ நகரிற் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கை, நிலையான குடிசனம், வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளோடு தொடர்பு கொள்ளும் ஆற்றல் என நான்கினை அரசுக்கு உரியனவாகக் கூறிற்று. செர்மனிய அறிஞர் மக்ஸ் வேபர் என்பார் 1919 ஆம் ஆண்டில் ஆற்றிய விரிவுரை ஒன்றிலே, குறித்த நிலப்பரப்பினுள் பலாத்காரத்தை முறைப்படி பிரயோகிக்கும் உரிமையைத் தனக்கே உரியதாக்கிக் கொண்ட அமைப்பே அரசு என்றார்.

இவ்விலக்கணங்கள் அரசினைப் புறத்தே நின்று நோக்குவோர்க்கு உதவுவன. அதனுள்ளே வாழும் குடிமகனுடைய நிலையில் நின்று நோக்கினால் மற்றோர் இலக்கணம் புலனாகும். பழைய அரசுகளில் ஆள்வோனுக்கும் ஆளப்படுவோனுக்கும் இடையே எப்போதும் ஒருவர் நின்றனர். குறுநிலத் தலைவர், சமய குரு, ஊர்ப் பெரியவர், நிலக்கிழார் என அவர் பலதிறப்பட்டனர். வரியும் ஊழியமும் அவர்வழியே மேற்சென்றன. நீதியும் உதவியும் அவர்வழியே கீழிறங்கின. அவ்விடையாளர் விலக, ஒவ்வொருவரும் தத்தம் பெயராலேயே அரசின் அலுவலகத்தை அணுகத்தக்க நிலை வருவதே தற்கால அரசு உருவாதல் என்க. பிரான்சு தேசத்திலே பிறப்பு, விவாகம், இறப்பு என்பவற்றைக் கோயிற் குருமார் எழுதி வந்தனர். 1792 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேடுகளை நகரசபைகளின் கையில் ஒப்புவித்தது. இங்கிலாந்தில் 1837 ஆம் ஆண்டு முதல் அரசாங்கப் பதிவு தொடங்கிற்று. படையெடுப்புக்களையும் புரட்சிகளையும் விரித்துரைக்கும் சரித்திர நூல்கள் இத்தகைய மாற்றங்களை ஓரிரு வரியிற் கூறி விடுகின்றன. ஆயினும் சாதாரண மனிதனுக்கு அரசு வாய்த்தது இவற்றாலேயாம்.

சப்பிரகமுவ அரசின்கீழ் வந்தவாறு

சப்பிரகமுவ கண்டி இராச்சியத்தின் திசாவனிகளுள் ஒன்று. அங்கே திசாவை மன்னனின் பிரதிநிதியாக ஆண்டான். நிலம் வைத்திருந்தோர் அதற்கு ஈடாக இராசகாரியம் என்னும் ஊழியம் செய்தனர். இன்ன நிலத்துக்கு இன்ன ஊழியம் என்பது லேகம் மிட்டி என்னும் ஏடுகளில் எழுதப்பட்டிருந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் எழுதிய தோம்புகளை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். இவ்வேடுகளிற் பெயர்கள் இருந்தனவெனினும் அவை வரிக்கும் ஊழியத்துக்குமாக எழுதப்பட்ட பெயர்களேயன்றி உரிமைக்காக எழுதப்பட்டவை அல்ல.

1815 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1833 ஆம் ஆண்டிலே கோல்புறூக், கமரன் என்போரின் விதப்புரைப்படி இலங்கை முழுவதும் ஒரே நிருவாகத்தின் கீழ் ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. சட்டநிரூபண சபை தோன்றிற்று. நீதிமன்றங்கள் ஒழுங்கு செய்யப்பட்டன. இராசகாரியமும் ஒழிக்கப்பட்டது. 1867 இற் பிறப்பு இறப்புப் பதிவும், 1871 இல் முதலாவது முறையான குடிசன மதிப்பும் நடைபெற்றன. 1889 இல் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரண்டு மாவட்டங்களையும் கொண்ட சப்பிரகமுவ மாகாணம் தனியே பிரிக்கப்பட்டது. குறுகிய பாதைப் புகைவண்டி களனிப் பள்ளத்தாக்கினூடே அவிசாவளைக்கு வந்து, 1912 இல் இரத்தினபுரியை எட்டிற்று. ஏட்டளவில் நோக்கின், தற்கால அரசின் உறுப்புக்கள் பலவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு அமைந்துவிட்டன எனலாம்.

ஆயின் அதே காலத்திலே அவ்வரசினுள்ளே மற்றொரு சிற்றரசும் வளர்ந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியிருப்பற்றனவுமான நிலங்கள் யாவும், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, முடிக்குரியன எனக் கொண்டது. கிராமத்தார் சேனைப்பயிர் செய்து வந்த நிலங்களும் இதனாற் கைமாறித் தோட்டங்களாயின. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையும், அதன்பின் இறப்பரும் வந்தன. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெகியோவிட்ட, பலாங்கொடை, காவத்தை, இறக்குவானை முதலிய இடங்களின் மலைச்சரிவுகளெங்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் லயங்களிற் குடியமர்த்தப்பட்டனர்.

தோட்டம் என்னும் சிற்றரசு

தோட்டத்திலே துரை ஆண்டார். அவருக்குக் கீழே கிளாக்கரும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் நின்றனர். விடியுமுன் பிரட்டுக்களத்திலே பெயர் கூப்பிடப்பட்டது. செக்ரோலிலே பெயர் விழுந்தாற் கூலி, விழாவிடின் இல்லை. தோட்டத்து வழக்கிலே 'பேர்' என்னும் சொல் ஒரு நாட் கூலியையே குறிக்கலாயிற்று. முழு வேலை செய்யாதவனுக்கு அரைப்பேர் போடப்பட்டது. குடியிருப்பு, மருந்து, அரிசி, பள்ளிக்கூடம், பிள்ளைக்காம்பரா யாவும் தோட்டத்தைச் சார்ந்தன. தோட்டத்திலே பிள்ளை பிறப்பினும் ஒருவர் இறப்பினும் செய்தி தோட்ட நிருவாகத்தின் வழியாகவே பதிவாளரை அடைந்தது. கடிதமும் தோட்டத்துத் தபாற்பைக்குள் வந்து தோட்டத்துக் கந்தோரிலேயே பிரிக்கப்பட்டது.

தொழிலாளன் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல வேண்டின், அவன் கடன் இவ்வளவு எனக் காட்டும் துண்டு வேண்டும். 1865 ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. வேலைகொள்வோனுக்கும் வேலைக்காரனுக்கும் இடைப்பட்ட ஒப்பந்தத்தை மீறுதல் குற்றமெனக் கொள்ளப்பட்டமையால், அரசினுடைய தண்டனை அதிகாரமே தோட்டத்தின் கைக்கருவியாயிற்று. துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டமும், 1935 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும், 1941 ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் தோட்டத்து எல்லைக்குள்ளே அரசு அடியெடுத்து வைத்த படிகளாம். இனி, ஓர் அரசுக்கு இன்றியமையாத நிறுவனங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவை தோட்டத்து மக்களை எட்டியவாற்றை நோக்குவோம்.

பெயர்ப் பதிவும் பிரசாவுரிமையும்

முதலாவது நிறுவனம் பதிவேடாகும். தன் குடிகள் யாவர் என அறியாத அரசு எக்கடமையையும் செவ்வனே செய்யமாட்டாது. அப்பதிவேடு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளவும் வல்லது, விலக்கவும் வல்லது என்பதற்குச் சுதந்திர இலங்கையின் முதலாண்டுகளே சான்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பரம்பரையாலாகிய உரிமைக்குத் தந்தையோ பாட்டன் முப்பாட்டரோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டிற்று. லயத்திலே பிறந்து, பெயர் செக்ரோலில் மட்டும் எழுதப்பட்ட ஒருவனுடைய மகன் அத்தகைய சான்றுக்கு எங்கே போவான்? 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் பதிவின் மூலம் பிரசாவுரிமை பெற ஒரு வழி வகுத்தது. 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வசித்தமையைக் காட்டல் வேண்டும். 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்தினும் குறைந்தோரே. எஞ்சியோர் நாடற்றவராயினர்.

1964 ஒற்றோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க, லால் பகதூர் சாஸ்திரி என்னும் இரு பிரதமரும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இற் செம்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். பெயரால் அறியப்பட வேண்டிய மக்கள் தொகையாற் பங்கிடப்பட்டமையை இங்கே காண்கின்றோம். தலைமன்னாரிற் கப்பலேறியோருட் சிலர் கேரளத்துப் புனலூரிலே தாயகம் திரும்பியோர்க்கென 1976 இல் அமைக்கப்பட்ட இறப்பர்த் தோட்டங்களிற் குடியமர்ந்தனர். பால்வெட்டுங் கத்தி அங்கும் அதுவே. நாடு மட்டும் வேறு. இந்நிலை 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பெரும்பாலும் தளர்ந்து, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் நீங்கிற்று. 1964 ஒற்றோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர் சந்ததியார்க்கும் அச்சட்டம் பிரசாவுரிமை அளித்தது. ஒரு பதிவேட்டின் பிழையைத் திருத்த 55 ஆண்டுகள் சென்றன.

நீதிமன்று

இரண்டாவது நிறுவனம், ஆள்வோரையும் ஆளப்படுவோரையும் ஒரே சட்டத்தால் அளக்கும் நீதிமன்று. இதற்குக் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர்த் தோட்டத்து வழக்கினும் சிறந்த உதாரணம் காண்டல் அரிது. அத்தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்காகக் கையேற்றது. நிலமற்ற கிராமத்தாரின் தேவை உண்மையானதே. அவருடைய முன்னோர் இழந்த நிலங்களின் கதையை மேலே கூறினோம். ஆயின் அங்கே தலைமுறையாக வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் வெளியேறுமாறு கட்டளையிடப்பட்டனர். அவர் வெளியேற மறுத்தனர். 1946 ஆம் ஆண்டிலே இதன் பொருட்டு மலையகத் தோட்டங்களிற் பெரிய வேலைநிறுத்தம் நடைபெற்றது. அத்துமீறிப் புகுந்தனர் என்னும் குற்றத்துக்காக வழக்கும் தொடரப்பட்டது. வழக்கு இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. நெடுநாட் குடியிருந்த வீட்டிலே, வேறு போக்கிடமின்மையால் ஒருவன் தொடர்ந்து இருத்தல், பிறரைத் தொந்தரவு செய்யும் எண்ணத்தோடு அத்துமீறிப் புகுந்த குற்றமாகாது என 1950 இல் அம்மன்று தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பினால் அவர்க்கு நிலவுரிமை கிடைத்ததன்று. எனினும் வாக்குரிமையும் பிரசாவுரிமையும் இழந்து நின்ற அதே ஆண்டுகளிலே, லயத்திற் குடியிருந்த தொழிலாளி ஒருவன் முடிக்கு எதிர்நின்று வழக்காடி வெல்ல முடிந்தது. சட்டசபை கைவிட்டவனுக்கும் நீதிமன்று செவிசாய்க்கக்கூடும் என்பதே இவ்வழக்கின் சிறப்பு. நிறுவனங்கள் ஒன்றுக்கு மேற்பட்டனவாகவும், ஒன்றையொன்று சாராதனவாகவும் இருத்தல் வேண்டும் என அரசியல் நூலார் வற்புறுத்துவது இதன் பொருட்டேயாம்.

பாதுகாப்பு

பலாத்காரத்தின் ஏகபோக உரிமை அரசுக்கு உண்டு என வேபர் கூறியதன் மறுபக்கம், குடிகளைப் பிறர் பலாத்காரத்தினின்று காக்கும் கடமையும் அதற்குண்டு என்பதாம். 1981 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலே தோட்டத்துத் தமிழ் மக்கள் தாக்கப்பட்டனர், லயங்கள் எரியூட்டப்பட்டன. 1977 இலும் 1983 இலும் நிகழ்ந்தவற்றை யாவரும் அறிவர். பலர் வவுனியாப் பக்கம் சென்று காடு வெட்டிக் குடியேறினர். அன்று அவர்க்கு இல்லாதிருந்தது சட்டப் புத்தகமன்று. அதனைக் கையிலேந்தி உரிய வேளையில் முன்வந்து நிற்கும் காவலே இல்லாதிருந்தது. காவாத அரசின் ஏனைய நிறுவனங்கள் யாவும் அந்நாளிலே ஏட்டளவில் நின்றுவிடுகின்றன.

வருவாயும் வெளிநாட்டுறவும்

அரசு நடைபெறப் பொருள் வேண்டும். சுதந்திரம் பெற்ற காலத்தில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயின் மிகப் பெரும் பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்றினாலும் வந்தது. 1952 திசம்பரிலே இலங்கையும் சீனமும் இறப்பர் அரிசி ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டன. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்குப் பதிலாக 2,70,000 தொன் அரிசி வருதல் வேண்டும் என்பது ஏற்பாடு. இறப்பர் மிகுதியாக விளையும் மாவட்டங்களுட் கேகாலையும் இரத்தினபுரியும் முன்னிற்பன. அவ்வாண்டு நடைபெற்ற பொதுத் தேர்தலிலோ அங்கே பால் வெட்டியவருட் பெரும்பாலார்க்கு வாக்கில்லை. மொண்டிவிடியோ இலக்கணத்தின் நான்காம் உறுப்பாகிய வெளிநாட்டுறவைத் தம் உழைப்பால் தாங்கியவர், அதன் முதலுறுப்பாகிய குடிசனத்துட் சேர்க்கப்படாதிருந்தனர். பொருள் கொடுப்போர்க்குப் பொருட்செலவைப் பற்றிப் பேசும் உரிமையும் உண்டு என்னும் கொள்கையின் மேலே எழுந்தவை மேனாட்டுப் பாராளுமன்றங்கள். அக்கொள்கை இங்கே முறிந்து கிடந்தது.

வாக்கும் உள்ளூர்ச் சபையும்

1931 ஆம் ஆண்டிலே டொனமூர்த் திட்டம் சர்வசன வாக்குரிமையைக் கொணர்ந்தபோது, தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியார் நிலையான வதிவைக் காட்டி வாக்காளராயினர். 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரசு 7 தொகுதிகளில் வெற்றி பெற்றது. 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தற் றிருத்தச் சட்டம் பிரசைகளுக்கே வாக்கு என வரையறுக்க, அப்பெயர்கள் இடாப்பினின்று நீங்கின.

பாராளுமன்றத்தினும் அண்மையில் நிற்பது உள்ளூர்ச் சபை. வீதி, குடிநீர், விளக்கு, நூல்நிலையம் என்பன அதன் கையில் உள்ளன. 1937 ஆம் ஆண்டுக் கிராமச் சங்கத் திருத்தச் சட்டம் தோட்டத்திலே குடியிருக்கும் தொழிலாளர்க்குச் சங்கத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை மறுத்தது. ஐம்பது ஆண்டுகளின் பின், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதன் 33 ஆம் பிரிவு தோட்டத்தினுள் சபையின் பணத்தைச் செலவிடுதற்குத் தடையெனக் கொள்ளப்பட்டது. பிரசாவுரிமை பெற்று வாக்களித்துச் சபை உறுப்பினரைத் தெரிவு செய்த பின்னரும், லயத்துக்குச் செல்லும் பாதை தோட்டத்துப் பாதையேயன்றிச் சபையின் பாதையன்று என்னும் விடை கிடைத்தது. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. நுவரெலியாவிற்போல இம்மக்கள் செறிந்து வாழாது, இரு மாவட்டங்களிலும் சிதறி வாழ்வதால், பாராளுமன்றத்தினும் பிரதேச சபையே அவர் குரல் எளிதில் எட்டத்தக்க மன்றமாகும்.

பள்ளிக்கூடம்

1920 ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டத்துச் சிறார்க்குத் தாய்மொழிப் பள்ளி நடத்துதல் தோட்டத்தாரின் கடமை என விதித்தது. 1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிகளோ நெடுங்காலம் தோட்டத்தின் பொறுப்பிலேயே கிடந்து, 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்கள் தேசியமயமாகிய பின்னரே படிப்படியாக அரசாங்கத்தைச் சேர்ந்தன. எமது கல்லூரி போன்றவற்றில் முன்பே கற்றவர்க்கும் அம்மாணவர்க்கும் இடையேயுள்ள தூரம் அறிவினாலாயதன்று, காலத்தாலாயது என்பதை எம் மாணவர் மனங்கொள்வாராக.

காணியும் விலாசமும்

1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் குத்தகையாகச் சென்றது. நிலம் அரசினதாகவே நின்றது. இம்மாற்றங்களிடையே லயத்தில் வாழ்வோனுக்கு அவன் காம்பரா உரித்தாகவில்லை. அண்மைக்காலத்தில் 7 பேர்ச்சுக் காணியும் வீடும் உறுதியும் வழங்கும் திட்டங்கள் தொடங்கியுள்ளனவாயினும் அவை எல்லாரையும் எட்டினவல்ல. உறுதியற்றவன் வங்கியிற் கடன் பெறுதல் அரிது. இலக்கமிட்ட விலாசம் இல்லாதவனுக்கு நேர்முகப் பரீட்சை அழைப்பு பரீட்சை முடிந்தபின் வந்து சேர்ந்த கதைகளை மலையகத்தார் பலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் விளங்குவது யாதெனில், அரசு ஒருநாளிற் பிறப்பதன்று என்பதாம். 1948 பெப்ரவரி 4 ஆம் நாள் கொடியேறியபோது இலங்கை சுதந்திரம் பெற்றது. எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் அரசு உருவாதல் அதன்பின்னும் நெடுங்காலம் நடைபெற்றது, இன்னும் நிறைவுறவில்லை. பதிவேடு, நீதிமன்று, காவல், வருவாய், வாக்கு, சபை, பள்ளி, காணியுறுதி என்பவற்றுள் ஒன்று குறையினும் அவ்விடத்தை நிரப்ப ஓர் இடையாளர் வந்து நிற்பார். அவர் நல்லவராயின் மக்கள் அவர் தயவில் வாழ்வர். அல்லாராயின் அவர் கொடுமையில் வாழ்வர். நல்லவர்க்காகக் காத்திருக்க வேண்டாத நிலையே நிறுவனங்களின் பயன்.

நிறுவனங்கள் தாமே இயங்குவன அல்ல. அவற்றின் மேசைகளில் இருந்து பேனா பிடிப்போர் மக்களே. பிறப்புப் பத்திரம் கேட்டு வந்த தாயை மறுநாள் வருமாறு திருப்பியனுப்புவதும், அவள் பிள்ளையின் பெயரைப் பிழையின்றி எழுதிக் கொடுப்பதும் அம்மேசையிலிருப்போன் கையில் உள்ளன. அவள் ஒரு நாட் பேரை இழந்து மலையிறங்கி வந்தவள். எம் பழைய மாணவருள் இன்று அத்தகைய மேசைகளில் இருப்போரும், நாளை அங்கு அமரப்போகும் மாணவரும் இதனை மறவாதிருப்பாராக.